வேக்குவம் கிளீனர்: பாப்பாவின் காதும் ஆயாவின் ஜரிகையும்

(மூன்றாம் ஆண்டு, மின்னியல் துறை)



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று பேரவைத் தோழர்கள் கேட்டபோது, சூரிய மின்சக்தி, மின்சாரக் கார் என்று கொஞ்சம் பெரிய தலைப்பாக எடுக்கத்தான் எண்ணியிருந்தேன். ஆனால் இந்த வருடம் போகிக்கு முந்தின நாள் எங்கள் வீட்டில் நடந்த ஒரு விஷயம், மூன்று வருடம் மெஷின்ஸ் பாடம் படித்தும் வீட்டில் இருக்கிற மெஷினை நமக்குத் தெரியவில்லையே என்று தலையில் குட்டிவிட்டது. ஆகவே வேக்குவம் கிளீனர் பற்றி எழுதுகிறேன். "அது பணக்காரங்க வீட்டுப் பொருளாச்சே, நமக்கு எதுக்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இன்றைக்கு அது காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டுக்கும் வந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு வந்தது இனாமாக!

நாம் படிப்பது ஏனாத்தூரில் என்றாலும் என் வீடு பிள்ளையார்பாளையத்தில். பெரியப்பா வீடும் எங்கள் வீடும் ஒரே சுவர். முன்கட்டில் இரண்டு குழித்தறி. அம்பத்தூர் அத்தை புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு, பழைய வேக்குவம் கிளீனரை "தறிக்குழி தூசி எடுக்க உதவும், எடுத்துட்டுப் போடா" என்று என்னிடம் கொடுத்தனுப்பினார்கள். போகிக்கு வீடு சுத்தம் செய்யும்போது நான்தான் மெக்கானிக், நான்தான் ஆபரேட்டர். பரண், ஜக்கார்டு பெட்டியின் மேல்புறம், தறிக்குழி என்று ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் முனைக்குப் போடும் பிரஷைக் காணோம் என்று உள்ளே தேடப் போனேன். மோட்டாரை நிறுத்தவில்லை. அரை நிமிஷந்தானே என்ற அலட்சியம்.

திரும்பி வந்தால் அக்கா மகள், ஐந்து வயது பாப்பா, ஓடிக்கொண்டிருக்கும் குழாயைக் காதில் வைத்துக்கொண்டு அழவும் முடியாமல் நிற்கிறாள். ஆயா வீட்டில் சங்கைக் காதில் வைத்தால் கடல் சத்தம் கேட்கும் அல்லவா, அதுபோல் இதிலும் கேட்குமா என்று பார்த்திருக்கிறாள். ஸ்விட்சை அணைத்த பிறகுதான் குழாய் விட்டது. காதைச் சுற்றி வட்டமாகச் சிவந்துபோயிருந்தது. மறுநாள் பொங்கல் வேலையெல்லாம் விட்டுவிட்டு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் ஓடினோம். நல்ல வேளை, செவிப்பறை கிழியவில்லை. சிவந்திருக்கிறது, எண்ணெய் எதுவும் ஊற்றாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். இரண்டு நாள் வலி. அக்கா என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

அன்று ராத்திரி ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீங்களும் போடுங்கள். சாதாரண வீட்டு வேக்குவம் கிளீனரின் முனையை முழுக்க அடைத்தால் உள்ளே வெளிக்காற்றைவிட ஏறக்குறைய 20 கிலோபாஸ்கல் அழுத்தம் குறையும். தண்ணீர்த் தூண் கணக்கில் சொன்னால் 2 மீட்டர். விவசாயக் கிணற்றில் குதித்து இரண்டு ஆள் ஆழம் போனவர்களுக்குக் காது எப்படி விண்ணென்று வலிக்கும் என்று தெரியும். அங்கே பறையை உள்ளே தள்ளுகிறது, இங்கே வெளியே இழுக்கிறது. செவிப்பறையின் பரப்பு சுமார் 60 சதுர மில்லிமீட்டர். 20,000 பாஸ்கலை அதனால் பெருக்கினால் 1.2 நியூட்டன், அதாவது 120 கிராம் எடை. இரண்டு கோழிமுட்டையை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனமுள்ள தோலில் தொங்கவிட்ட மாதிரி. குழாய் காதோடு முழுசாகப் பொருந்தாமல் ஓரத்தில் காற்று கசிந்ததால்தான் எங்கள் பாப்பா தப்பித்தாள். அதே குழாயின் வாய் 32 மில்லிமீட்டர் விட்டம் என்றால், அது கன்னத்தில் ஒட்டிக்கொள்ளும் விசை 16 நியூட்டன், ஒன்றரைக் கிலோவுக்கு மேல். ஐந்து வயதுக் குழந்தை பயத்தில் பிடுங்க நினைத்தால் லேசில் வராது. கண்ணில் வைத்தால் என்ன ஆகும் என்று நான் கணக்குப் போடவில்லை, போட மனசு வரவில்லை.

பல மாடல்களில் கைப்பிடிக்குக் கீழே குழாயில் ஒரு சின்ன ஜன்னல் மாதிரி தள்ளுமூடி இருக்கும். அதைத் திறந்தால் வெளிக்காற்று நுழைந்து உறிஞ்சுவிசை உடனே இறங்கிவிடும். திரைச்சீலையைச் சுத்தம் செய்வதற்காக வைத்தது. அவசரத்துக்கும் அதுதான் கைக்கெட்டும் வழி. என் கையிலேயே அது இருந்தும், அது எதற்கென்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்போது இந்த மெஷினின் பூர்வீகத்தைக் கொஞ்சம் பார்ப்போம், விஷயத்தோடு சம்பந்தம் இருக்கிறது. 1901-இல் லண்டனில் ஹூபர்ட் செசில் பூத் என்ற என்ஜினீயர், காற்றை ஊதித் தூசியைப் பறக்கவிடும் ஒரு கருவியைப் பார்த்தார். ஊதுவதற்குப் பதில் உறிஞ்சினால் என்ன என்று தோன்றி, நாற்காலி மெத்தைமேல் கைக்குட்டையை வைத்து வாயாலேயே உறிஞ்சிப் பார்த்தாராம். இருமல் வந்ததுதான் மிச்சம், ஆனால் கைக்குட்டையின் அடியில் அழுக்கு ஒட்டியிருந்தது. அவர் செய்த முதல் மெஷின் குதிரைவண்டி அளவுக்குப் பெரியது. பெட்ரோல் என்ஜின், பம்ப், தூசிப்பெட்டி எல்லாம் தெருவில் நிற்கும். குழாய் மட்டும் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் போகும். 1908-இல் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்துக் காண்டன் ஊரைச் சேர்ந்த ஜேம்ஸ் முர்ரே ஸ்பாங்லர் பேட்டன்ட் வாங்கியதுதான் கையால் தள்ளும் மின்சார வகை. அவர் ஒரு கடையில் பெருக்கித் துடைக்கும் வேலை பார்த்த ஆஸ்துமாக்காரர். மின்விசிறி மோட்டார், துடைப்பக் கம்பு, தலையணை உறை இவற்றைச் சேர்த்துச் செய்தார் என்பார்கள். அந்த உரிமையை வாங்கிய குடும்பத்தின் பெயர் ஹூவர்.

கவனித்தீர்களா? பூத்தின் மெஷினில் மோட்டாரும் நெருப்பும் தூசியும் தெருவில் நின்றன. ஸ்பாங்லர் காலத்திலிருந்து மூன்றும் கூடத்துக்கே வந்துவிட்டன. அதுவும் யார் வீட்டுக் கூடம்? கார்ப்பெட் விரித்த, தரை கழுவாத, கட்டிலில் படுத்துத் தூங்குகிற வீட்டுக் கூடம். நம் நாட்டில் 1982-இல் யுரேகா ஃபோர்ப்ஸ் கம்பெனி தொடங்கி, டை கட்டிய விற்பனைப் பையன்கள் வீடுவீடாக வந்து மெத்தையில் உறிஞ்சிக் காட்டிய பிறகுதான் நடுத்தர வீடுகளுக்கு இந்தப் பொருள் நன்றாக அறிமுகமாயிற்று. மெஷின் வந்தது, கூடவே கையேடும் வந்தது. ஆனால் கோலப்பொடி, சாம்பிராணி, முற்றம், தறிக்குழி, தரையில் பாய் விரித்துப் படுக்கும் பாப்பா இவையெல்லாம் அந்தக் கையேட்டில் கிடையாது. அந்தப் பக்கங்களை நாம்தான் எழுத வேண்டியிருக்கிறது.

சரி, மோட்டாருக்கு வருவோம். கம்பியோடு வரும் பெரும்பாலான வீட்டுக் கிளீனர்களில் இருப்பது யுனிவர்சல் மோட்டார். நம்ம டி.சி. சீரீஸ் மோட்டாரின் தம்பிதான். நிமிடத்துக்கு 20,000 முதல் 30,000 சுற்று வரை ஓடும். குழாய் வாயைக் கையால் பொத்தினால் சத்தம் "ங்ஙீ" என்று ஏறுகிறதல்லவா? எங்கள் வீட்டில் எல்லோரும் "பாவம், மோட்டார் திணறுது" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். உண்மை நேர்மாறானது. லேபில் சீரீஸ் மோட்டார் லோடு டெஸ்ட் செய்யும்போது பெல்ட்டை இறுக்காமல் ஸ்டார்ட் பண்ணப் போனால் வாத்தியார் ஏன் அலறுகிறார்? லோடு இல்லாவிட்டால் வேகம் எகிறிவிடும் என்பதால். விசிறிக்கு லோடு என்பது அது தள்ளும் காற்று. வழியை அடைத்தால் காற்று ஓட்டம் நின்றுவிடுகிறது, வேலை குறைகிறது, கரன்ட் குறைகிறது, வேகம் ஏறுகிறது. க்ளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். வைவாவில் கேட்டால் சொல்லிவிடுங்கள்!

அப்படியானால் அடைப்பு நல்லதுதானே, ஏன் மோட்டார் புகைகிறது? உலர்தூசி மட்டும் எடுக்கும் வகையில், உறிஞ்சுகிற காற்றேதான் தூசிப்பையைத் தாண்டி மோட்டாரின் வயிற்றுக்குள் புகுந்து அதைக் குளிரவைத்து வெளியேறுகிறது. அந்தக் காற்று நின்றால் கரன்ட் கொஞ்சம் குறைந்தாலும் சூடு போக வழியில்லை. சோறு வேகும்போது மூடியை இறுக்கி வைத்த கதை. நல்ல கம்பெனி மெஷினில் தெர்மல் கட்-அவுட் இருக்கும்; சூடு ஏறினால் தானே நின்று, ஆறிய பிறகு ஓடும். "நின்னு போச்சு" என்று திரும்பத் திரும்ப ஸ்விட்சைத் தட்டுவது வீண் வேலை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பை நிறைந்திருக்கிறதா, குழாயில் துணி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

இதே காரணத்தால்தான் உலர்வகை மெஷினில் தண்ணீரை உறிஞ்சக் கூடாது. அந்தத் தண்ணீர் நேரே 230 வோல்ட் மோட்டாருக்குள் போகும். ஈரம், உலர் இரண்டுக்கும் என்று விற்கும் டிரம் வகையில் மோட்டாரைக் குளிரவைக்கத் தனி விசிறியும் தனிப் பாதையும் வைத்திருப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும், உள்ளே அமைப்பு வேறு. வெள்ளிக்கிழமை வீடு கழுவிவிட்டு முற்றத்து ஓரம் தேங்கிய தண்ணீரை "இதுவும் இழுக்குமே" என்று எடுக்கப் போகிறவர்கள் உண்டு. பெரியப்பாவே கேட்டார்: "ஏம்ப்பா, மழைக்குத் தறிக்குழியில ஊறுற தண்ணிய இது எடுக்குமா?" தறிக்குழி என்பது மண் ஈரம் ஏறிய பள்ளம். அதில் வெறுங்காலோடு நிற்பவர் பூமியோடு ஒயர் கட்டிக்கொண்டவர் மாதிரி.

எர்த் விஷயத்தில் நம்ம ஆட்களே குழம்புகிறார்கள். இரண்டு பின் வைத்த கிளீனரைப் பார்த்ததும் "எர்த்தே இல்லை, மட்டமான சரக்கு" என்று சொல்லிவிடக் கூடாது. பெயர்ப் பலகையில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருந்தால் அது இரட்டை இன்சுலேஷன் வகை. எர்த் இல்லாமல் ஓடும்படியே செய்தது. ஆனால் உலோக டிரம் உள்ள வகை மூன்று பின்னோடு வரும். அதன் பெரிய பின் அழகுக்கு வைத்ததில்லை. பழைய ஓட்டு வீடுகளில் 16 ஆம்பியர் பாயின்ட் ஒன்றே ஒன்று இருக்கும், அதுவும் கிரைண்டருக்குப் போயிருக்கும். உடனே இரண்டு பின் அடாப்டர் மாட்டுவது, அல்லது எர்த் பின்னையே கழற்றி எறிவது! எங்கள் வீட்டில் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டியிருந்தது. அதைத் திறந்து பார்த்தேன்: எர்த் ஒயர் உள்ளே எதோடும் சேராமல் மடித்து வைத்திருந்தது. அதைப் போன வருடம் மாட்டியது யார் தெரியுமா? அடியேன்தான்.

ஃபியூஸ் இருக்கிறதே என்று தைரியம் வேண்டாம். ஈரமான உடம்பின் தடையை 1000 ஓம் என்று வைத்துக்கொண்டால் ஓடும் கரன்ட் 0.23 ஆம்பியர். 6 ஆம்பியர் ஃபியூஸுக்கு இது கொசுக்கடி, அது போகவே போகாது. ஆனால் மனித இதயத்தை நிறுத்த 0.23 ஆம்பியர் தாராளம். உயிரைக் காப்பது 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. மட்டுமே. கசிவு 30 மில்லிஆம்பியர் என்றால் 0.3 வினாடிக்குள்ளும், அதைப்போல் ஐந்து மடங்கானால் 0.04 வினாடிக்குள்ளும் அது துண்டிக்க வேண்டும் என்பது தரவிதி. அதன் மேலுள்ள 'டெஸ்ட்' பட்டனை எத்தனை வீட்டில் அமுக்கிப் பார்த்திருப்பார்கள்?

வாட் கணக்கும் பாருங்கள். 1200 வாட் என்றால் 5.2 ஆம்பியர்; 6 ஆம்பியர் பாயின்ட்டில் தட்டுத்தடுமாறி ஓடும். 1600 வாட் என்றால் ஏறக்குறைய 7 ஆம்பியர். தேய்ந்துபோன சாக்கெட்டில் பின் தளதளவென்று ஆடி, தொடும் இடத்தில் அரை ஓம் தடை வந்தது என்று வையுங்கள். 7 × 7 × 0.5 = 24.5 வாட். லேபில் நாம் வைத்திருக்கிற சால்டரிங் அயர்ன் 25 வாட். அதை பிளாஸ்டிக் பெட்டிக்குள் சொருகி வைத்து வீடு பெருக்குகிறோம் என்று அர்த்தம். பிளக்கைத் தொட்டால் சுட்டால் அது சாதாரணம் இல்லை. வாட் அதிகம் என்றால் உறிஞ்சுவது அதிகம் என்பதும் வியாபாரப் பேச்சுதான். ஐரோப்பிய யூனியன் 2017 செப்டம்பர் முதல் வீட்டுக் கிளீனருக்கு 900 வாட்டுக்குக் குறைவு, 80 டெசிபல் சத்தம் என்று வரம்பு கட்டிவிட்டது.

கம்பியைத் தானே சுருட்டிக்கொள்ளும் வகையில் மஞ்சள் அடையாளம், சிவப்பு அடையாளம் என்று இரண்டு ஒட்டியிருப்பார்கள். மஞ்சள் வரை இழுப்பது சரி, சிவப்பைத் தாண்டி இழுத்தால் உள் இணைப்பு பிய்ந்துவிடும். பாதியைச் சுருளிலேயே விட்டு ரொம்ப நேரம் ஓட்டினாலும் சுருளுக்குள் சூடு தேங்கும். திரும்பச் சுருட்டும்போது பிளக்கைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். விட்டுவிட்டால் அது பாம்பு மாதிரி சீறிக்கொண்டு வரும். குழந்தையின் முகம் சரியாக அந்த உயரத்தில்தான் இருக்கும்.

இனி நம்ம வீட்டுச் சமாச்சாரம். தூசிப்பையில் முடி, பஞ்சு, காகிதத் துணுக்கு எல்லாம் கிடக்கும். அதில் சாம்பிராணித் தட்டிலிருந்து விழுந்த ஒரு கங்கு, அணைந்த மாதிரி தெரியும் ஊதுவத்திச் சாம்பல், கார்த்திகை விளக்கின் கருகிய திரி போனால் என்ன ஆகும்? கொல்லன் பட்டறைத் துருத்தி கரிக்குக் காற்று ஊதுவதுபோல் மோட்டார் விடாமல் காற்றுக் கொடுக்கும். பட்டுத் துணுக்கு சீக்கிரம் பற்றாது (அசல் பட்டா என்று பார்க்க நூலைக் கொளுத்தி முடி கருகும் வாசனை வருகிறதா என்று பார்ப்பது நமக்குத் தெரிந்ததுதான்), ஆனால் பஞ்சும் காகிதமும் சும்மா இருக்காது. தீபாவளிக்கு மறுநாள் வெடிக்காத பட்டாசிலிருந்து கொட்டிய மருந்தை இதனால் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மோட்டாரில் கார்பன் பிரஷ் கம்யூட்டேட்டரைத் தொடும் இடத்தில் எப்போதும் தீப்பொறி உண்டு. மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர், கைகழுவும் சானிடைசர் சிந்திய இடத்துக்கும் இதே காரணம் பொருந்தும்.

கோலப்பொடி இப்போது அரிசிமாவு இல்லை, கல்மாவு. ரொம்ப நைசானது. துணிப்பையின் கண்களை அடைத்துவிடும். மிச்சம் பின்பக்கத் துவாரம் வழியாக மறுபடி கூடத்துக்கே வரும். எறும்புப் பவுடரும் அப்படித்தான், அது விஷம் வேறு. டியூப்லைட்டோ காய்ச்சல் பார்க்கும் பாதரசத் தெர்மாமீட்டரோ உடைந்தால் கிளீனரைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். பாதரசத்தைச் சூடான காற்றோடு கலந்து வீடு முழுக்கத் தெளித்த மாதிரி ஆகும். ஜன்னலைத் திறந்து, பிள்ளைகளை வெளியே அனுப்பி, தடித்த அட்டையால் ஒதுக்கி ஒட்டுத்தாளால் எடுக்க வேண்டும். துடைப்பமும் வேண்டாம்.

எங்கள் ஆயா கதையைச் சொல்லாவிட்டால் கட்டுரை முடியாது. தறிமேடை முழுக்க உறிஞ்சி முடித்து நான் பெருமையோடு நின்றேன். ஆயா வந்து தரையைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஏண்டா தம்பி, ஜரிகைத் துண்டெல்லாம் எங்கடா? அதையும் சேத்து முழுங்கிடுச்சா ஒன் மெஷினு?" என்றது. ஜரிகைக் கழிவைச் சேர்த்து வைத்து விற்பது எங்கள் வீட்டு வழக்கம், வெள்ளி இருக்கிறதல்லவா? நான் தடுப்பதற்குள் பையைக் கழற்றி, கூடத்து நடுவில் செய்தித்தாளில் கொட்டி, விரலால் அளைய ஆரம்பித்துவிட்டது. புகைமூட்டம் மாதிரி தூசி. பக்கத்தில் பாப்பா, இந்தப் பக்கம் வீசிங் உள்ள பெரியப்பா. ஒரு மணி நேரம் பிடித்து வைத்த தூசியை ஒரு நிமிஷத்தில் எல்லோருக்கும் பங்கு வைத்தாயிற்று. பையை வெளியே, காற்றுக்கு முதுகு காட்டி, மூக்கில் துணி கட்டி, ஈரச் செய்தித்தாளில் காலி செய்வதுதான் முறை. ஆயாவுக்காக இப்போது ஒரு ஏற்பாடு: முதலில் ஆயா கையால் ஜரிகை பொறுக்கும், அப்புறம்தான் மெஷின். இதில் இன்னொரு லாபமும் உண்டு. அசல் ஜரிகை என்பது பட்டு நூல்மேல் தட்டையான வெள்ளிக் கம்பி சுற்றி முலாம் பூசியது. ஒரு முழத்தை மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தேன், "பீப்" அடித்தது. கரன்ட் கடத்தும் நூல்! ஃபில்டர் கிழிந்த மெஷினில் அது கம்யூட்டேட்டர்வரை போனால் என்ன நடக்கும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

குழந்தைகளிடம் திரும்ப வருகிறேன். ஐரோப்பாவில் விற்கும் மெஷின்களின் கையேட்டில் 8 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் கையாளக் கூடாது, அதற்கு மேற்பட்டவர்களும் பெரியவர் மேற்பார்வையில்தான் என்ற பொருளில் ஒரு வரி உண்டு. நம்ம வீட்டில் எட்டு என்ன, மூன்று வயதிலேயே குழாய்மேல் குதிரை ஏறுவார்கள். நம்ம ஊர்ப் பல மாடல்களில் பின்பக்கம் குழாயை மாட்டினால் ஊதும் வசதியும் உண்டு. கோலப்பொடியை அண்ணன் தம்பி முகத்தில் ஊதி விளையாடுவது அதில்தான் ஆரம்பிக்கும். கண்ணில் போனால் தேய்க்காமல் சுத்தமான தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும்.

சுழலும் பிரஷ் உள்ள வகை இன்னும் மோசம். நிமிடத்துக்குச் சில ஆயிரம் சுற்று ஓடும் உருளையில் சடை, குஞ்சம், பாவாடை நாடா, தாவணி முந்தி எது மாட்டினாலும் உருளையை நோக்கித்தான் இழுக்கும். மாட்டிவிட்டால் இழுக்காதீர்கள். முதலில் ஸ்விட்ச், அடுத்து பிளக், பிறகு கத்தரிக்கோல். முடி வளரும். தென்கொரியாவின் சாங்வோன் நகரில் 2015-இல் ஒரு பெண்மணி தரையில் படுத்துத் தூங்கியபோது, தானே நகர்ந்து பெருக்கும் ரோபோ கிளீனர் அவர் தலைமுடியைத் தூசி என்று நினைத்து உறிஞ்சிக்கொண்டது. தீயணைப்புத் துறையினர் வந்து விடுவித்தார்கள். கொரியாவிலும் நம்மைப்போல் தரையில் படுக்கும் பழக்கம் உண்டு. நம் பக்கத்திலும் இந்த ரோபோக்கள் வரத் தொடங்கிவிட்டன; பாயில் ஆள் படுத்திருக்கும்போது டைமர் வைத்து ஓட்டாதீர்கள். பேட்டரியில் ஓடும் கையடக்க வகையில் ஷாக் பயம் குறைவு. ஆனால் லித்தியம் பேட்டரி உப்பியிருந்தாலோ கீழே விழுந்து நசுங்கியிருந்தாலோ சார்ஜ் போட வேண்டாம், வேறு மாடல் சார்ஜரும் வேண்டாம்.

குழந்தை மூக்கில் புளியங்கொட்டை போட்டுக்கொண்டது, தொண்டையில் கடலை மாட்டியது என்றால் "மெஷினை வெச்சு உறிஞ்சிடலாமா?" என்று யோசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். என் நண்பன் ஒருவனே கேட்டான். கூடவே கூடாது. மேலே போட்ட 20 கிலோபாஸ்கல் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். தவிர, குழாய் நாக்கை இழுத்து அடைக்கும், விலைமதிப்பில்லாத நிமிடமும் போகும். மூச்சுத் திணறினால் முன்பக்கம் குனியவைத்து இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து தட்டு. வராவிட்டால் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துத் தொப்புளுக்குச் சற்று மேலே ஐந்து முறை உள்ளும் மேலுமாக அழுத்த வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட சிசுவுக்கு வயிற்றை அழுத்தக் கூடாது, நெஞ்சு நடுவில் அழுத்த வேண்டும். ஒருவர் இதைச் செய்யும்போதே இன்னொருவர் 108-க்குப் போன் பண்ண வேண்டும்.

ஷாக் அடித்தவரைத் தொடாதீர்கள், முதலில் மெயினை அணையுங்கள் என்பது நமக்கு முதல் வருடப் பாடம். வீட்டில் இருக்கும் அம்மாவுக்கு மெயின் எங்கே இருக்கிறது என்று காட்டியிருக்கிறீர்களா? எங்கள் வீட்டில் அது அரிசி மூட்டைக்குப் பின்னால் இருந்தது. மூட்டை இப்போது இடம் மாறிவிட்டது.

விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது ஒரு வேலை செய்யலாம். தெரிந்த வயர்மேன் அல்லது நம்ம லேப் வாத்தியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கையில் ஈரமில்லாமல், காலில் செருப்போடு, 40 வாட் குண்டு பல்பு மாட்டிய டெஸ்ட் லாம்பை பிளக் பாயின்ட்டில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் முதலில் வையுங்கள். அடுத்து ஃபேஸுக்கும் எர்த்துக்கும். இரண்டாவதில் மங்கினாலோ எரியாவிட்டாலோ எர்த் ஒயர் எங்கோ போய்விட்டது. ஆர்.சி.சி.பி. உள்ள வீட்டில் பல்பு எரிவதற்கு முன்னாலேயே 'டப்' என்று டிரிப் ஆகும். பயப்படாதீர்கள், 40 வாட் பல்பு 174 மில்லிஆம்பியர் எடுக்கும், அது தன் வேலையைச் செய்திருக்கிறது. பல்பு பிரகாசமாக எரிந்தது என்பதால் எர்த் நன்றாக இருக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது. பல்பின் தடையே 1300 ஓமுக்கு மேல். எர்த்தில் 100 ஓம் இருந்தாலும் அது எரியத்தான் செய்யும், ஆனால் அந்த 100 ஓம் வழியாக 2.3 ஆம்பியர்தான் போகும், ஃபியூஸ் அசையாது. சரியான அளவு எர்த் டெஸ்டரில்தான் தெரியும். எங்கள் தெருவில் நான் பார்த்த அடுத்த வீட்டில் எர்த் கம்பி சுவருக்கு வெளியே வந்து, துருப்பிடித்து, துணி காயப்போடும் கொடியாக இருந்தது.